மாலையில் இருந்த ஈர்க்கு

என் கணவனின் கண்ணுக்குள் அந்தக் குச்சி எங்கள் கல்யாணத்தன்று போனது. ஒளிவு மறைவாக ஒன்றும் போகவில்லை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார், வீடியோக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார், குரோம்பேட்டை மண்டபத்து வாசலில் இரண்டு வீட்டு மனிதர்களும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குத்தியது நான்தான். மாலை போடத்தான் போனேன், குத்தினேன் என்பது எனக்கே தெரியாது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாலை மாற்றுவது ஒரு கூத்து. பெண்ணை அவள் மாமா தூக்கிக்கொள்வார், பையனை அவனுடைய மாமா. இவள் மாலையை ஓங்கிக்கொண்டு வரும்போது அந்த மாமா பின்வாங்குவார், அவன் போட வரும்போது இந்த மாமா ஒதுங்குவார். கடைசியில் எறியாத குறையாகத்தான் மாலை விழும். என் மாமா ஸ்ரீரங்கனுக்குத் தீராத முதுகுவலி. "உன்னைத் தூக்கணுமேன்னு ஒரு மாசமா எக்ஸர்சைஸ் பண்ணிண்டிருக்கேன்டீ, கொஞ்சம் சாப்பாட்டைக் குறைக்கப்படாதோ" என்று என் காதில் முனகிக்கொண்டேதான் தூக்கினார். எதிரில் சூர்யாவைத் தூக்கிய ராஜகோபாலன் மாமா பனைமரம் மாதிரி ஆள். இரண்டு தடவை எனக்கு எட்டவே இல்லை. மூன்றாவது தடவை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமாவின் தோளில் எம்பி, பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

மாலை என்றால் சாதாரண மாலை இல்லை. பன்னீர் ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்து இடுப்பு வரை தொங்கும். அடியில் உருண்டையாக ஒரு குஞ்சம். குஞ்சம் தொய்ந்து போகாமல் நிற்பதற்காகப் பூக்காரர்கள் உள்ளே ஈர்க்கு வைத்துக் கட்டுவார்கள், துடைப்பத்தில் இருக்கிற அதே தென்னை ஈர்க்கு. மேலே பச்சை நூலும் வெள்ளி ஜரிகையும் சுற்றிவிட்டால் வெளியே தெரியாது. அந்தக் குஞ்சம் சுழன்று போய் சூர்யாவின் முகத்தில் அடித்தது. 'ஸ்' என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். "மாப்பிள்ளை இப்பவே அழ ஆரம்பிச்சுட்டார்!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நான். வீடியோவில் அந்த நேரம் முழுக்க என் சிரித்த முகம்தான் இருக்கிறது, அவன் முகம் இல்லை.

அதன்பிறகு ஊஞ்சல், பாலும் பழமும், திருஷ்டி கழியப் பச்சைப்பிடி என்று கலர் சோற்றுருண்டை சுற்றுவது, முகூர்த்தம், ஹோமம். ஹோமப் புகையில் மண்டபத்தில் இருந்த எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. சாஸ்திரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மந்திரம் சொன்னார். அத்தனை சிவந்த கண்களுக்கு நடுவில் ஒரு கண் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்?

சூர்யநாராயணன் மின்சார ரயில் ஓட்டுபவன். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, மாடியில் தனியாகப் பேசும்போது, தன் சம்பளத்தைப் பற்றியோ என் சமையலைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. காலை முதல் வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் பரங்கிமலைக்கு அந்தப் பக்கம் விடிவதை எப்படிப் பார்க்கலாம் என்று கை நீட்டிக் காட்டினான். "டிரெய்ன் ஓட்டறதுக்குப் படிப்பைவிடக் கண்ணுதான் முக்கியம். அப்பப்போ டெஸ்ட் வெப்பா. எனக்கு எப்பவும் ஏ ஒன்" என்றான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் சொல்வதைப் போலச் சொன்னான். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. கல்யாணம் ஆனபிறகு மாமியார் காதில் விழும்போது அவனை நீங்க என்பேன், எங்கள் அறைக்குள் வந்ததும் நீ.

கல்யாணத்துக்கு மறுநாள் இமை வீங்கியது. கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு முனையில் உள்ள மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் ஐ சார், புது மாப்பிள்ளைன்னு அதுக்குத் தெரியுமா" என்று சொட்டு மருந்து கொடுத்தார். எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அது ஒன்றே போதாதா, இது மெட்ராஸ் ஐ இல்லை என்று தெரிந்துகொள்ள? யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என் மாமியார் அபிதகுஜாம்பாள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். ஒரு நாள் சுற்றிப் போட்டால் சரி. அவர் தினமும் செய்தார். விளக்கேற்றும் நேரத்தில் அவனைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, சுற்றி முடித்த பிறகும் கையை இறக்காமல் அந்த இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார். "போதும்மா, மிளகாய் நெடியில நல்ல கண்ணும் போயிடும்" என்பான் சூர்யா. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. படித்த மனுஷி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆனவர், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகாமல் மிளகாய் சுற்றுகிறாரே என்று.

ஒருவழியாகப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். சூர்யா, நான், மாமியார் மூன்று பேரும்தான் போனோம். மாமியாரை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள் மூலையில் சின்னதாக ஒரு கீறல் ஆறியிருப்பதாகச் சொன்னார்.

"கண்ணுல ஏதாவது அடிபட்டுதா? குச்சி, நகம், ஏதாவது?"

"இல்ல டாக்டர். கல்யாணத்துல ஹோமப் புகை. கசக்கிட்டேன், அவ்ளோதான்" என்றான் சூர்யா.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மாத்திரை சாப்பிட்டதில் வீக்கம் வடிந்தது. லீவு முடிந்து வேலைக்குப் போனான். நானும் கேளம்பாக்கத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் காபி போடுவது என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் தோற்பதற்காகவே மெதுவாக வருவேன். அவன் போடும் காபி அவ்வளவு நன்றாக இருக்கும். கல்யாண வாழ்க்கை என்று எனக்குக் கிடைத்தது அந்தச் சில நாட்கள்தான்.

ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான் என்று அம்மா போனில் சொல்ல, நான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"சிக்னல் ரெண்டா தெரிஞ்சுது ப்ரியா" என்றான். "பல்லாவரம் தாண்டினதும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எது நிஜம்னு ஒரு செகண்டு தெரியலை. தாம்பரம் வந்ததும் இறங்கி நேரா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டேன். இனிமே நான் வண்டில ஏற மாட்டேன், கண்ணு சரியாற வரைக்கும்."

யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவனாகவே போய்ச் சொன்னான். ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. வண்டியில் ஆயிரக்கணக்கில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதில் பொய் சொல்ல முடியுமா என்றான். அப்படிப்பட்ட மனிதன்தான் ஒவ்வொரு டாக்டரிடமும் அந்த ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னான். 

அடுத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அங்கேயும் அதே கேள்வி, அடிபட்டதா? அதே பதில், இல்லை. அம்மாவின் கைப்பை ஜிப் திறந்து மூடியது. ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது, அது காற்று, மூக்கை ஒட்டிய சைனஸ் அறையில் சீழ் பிடித்து அங்கிருந்து கண்ணுக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். சூர்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சளித் தொந்தரவு உண்டு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆவி பிடித்தான், மூக்கில் மருந்து அடித்துக்கொண்டான். மார்கழிக் குளிரில் பனியில் நடந்ததால்தான் வந்தது என்று நான்கூட அவனைத் திட்டினேன். வீக்கம் மறுபடி வந்ததும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.

ஸ்டீராய்டில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்தோம். நல்ல கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் தூரத்துக் கடைப் பலகைகளை எல்லாம் படித்துக் காட்டினான். "லட்சுமி ஹார்டுவேர்ஸ், பெயின்ட், சிமென்ட், கம்பி. கீழ போன் நம்பர் படிக்கட்டுமா?" என்றான். நம்பரையும் படித்தான். எனக்கு நடுரோட்டிலேயே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வரும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். வீட்டில் அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார். அத்தோடு முடிந்தது எங்கள் நல்ல காலம்.

மாத்திரையைக் குறைத்ததும் வலி வந்தது. முன்பு வந்த மாதிரி இல்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் வலி. கண் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது, இமையை மூட முடியவில்லை. விடிந்தும் விடியாததுமாக ஆட்டோவில் ஏற்றினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கண்ணு இப்டி வீங்கிக்கீது? இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார்.  அதற்கப்புறம் அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், தப்பான பக்கத்தில் எல்லாம் புகுந்து ஓட்டினார்.

இரும்புலியூர் பக்கம் வண்டி நின்றபோது வெயில் நேராக எங்கள் முகத்தில் விழுந்தது. நான் கையை வைத்து மறைத்தேன். சூர்யா அசையவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"ப்ரியா, வெயில் என் மேல படறதா?"

"ஆமா."

"சூடு தெரியறது. வெளிச்சம் தெரியலை" என்றான்.

எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அம்மா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை போன இடத்தில் டாக்டர் டெனிஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்தார். அந்தக் கறுப்புக் கோட்டைப் பேனா முனையால் தொட்டு, "காத்துன்னா இவ்ளோ நேரா இருக்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கே ஆபரேஷன். நாங்கள் இருவரும் வராந்தாவில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், அம்மாவும் நானும். 

டாக்டர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருந்தது. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சீழ் எல்லாம் எடுத்தாச்சு. உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. கண்ணும் அப்படியே இருக்கும், எடுக்க வேண்டியதில்ல. ஆனா பார்வை நரம்பு போயிடுச்சும்மா. நாள்கணக்கா நசுங்கியிருக்கு. திரும்ப வராது."

 அவர் குப்பியை மேஜை மேல் வைத்தார்.

"இதுதான் உள்ள இருந்தது. இமைக்கும் கண்ணுக்கும் நடுவுல நுழைஞ்சு உள்ளுக்குள்ள உடைஞ்சு நின்னிருக்கு. மரக்குச்சி ஸ்கேன்ல காத்து மாதிரிதான் தெரியும். அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. குச்சி ஒண்ணு குத்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா, அன்னிக்கே பாத்திருப்பாங்க. எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எப்படிம்மா போச்சு இது?"

குப்பிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு ஈர்க்கு கிடந்தது. ஊறிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு முனையில் நூல் சுற்றியிருந்தது. பச்சை நூல். அதோடு சேர்ந்து மயிரிழை அளவுக்கு வெள்ளி ஜரிகை, கறுக்காமல் அப்படியே மின்னியது. அந்த மாலையைக் கடையில் பொறுக்கி எடுத்தது நான்தான். கடைக்காரர் தங்க ஜரிகைதான் காட்டினார், என் புடவைக்கு வெள்ளிதான் பொருந்தும் என்று அடம்பிடித்து மாற்றச் சொன்னேன்.  குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் சூர்யாவை அறைக்கு மாற்றினார்கள். பாதி முகத்துக்குக் கட்டு. டாக்டர் அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அம்மா காபி வாங்கப் போயிருந்தபோது குப்பியை அவன் கையில் வைத்தேன்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ள குச்சி இருக்குன்னு சத்தியமா தெரியாது ப்ரியா. குஞ்சம் கண்ணுல பட்டுது, சுருக்குன்னுது, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அது மட்டும்தான் தெரியும். அதான் ஆறிப்போயிடுத்தேன்னு நினைச்சேன்."

"டாக்டர் கேட்டாரே! ஒவ்வொருத்தரும் கேட்டாளே! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"அம்மா எப்பவும் கூடவே இருந்தாளே."

எனக்குப் புரியவில்லை. அவன் கோமு அத்தையைப் பற்றிச் சொன்னான். அவனுடைய அப்பாவின் தங்கை. அத்தையின் கல்யாணத்தில் காசி யாத்திரைக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்த மாப்பிள்ளையின் கால் படியில் தட்டி, கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் ரத்தம். இரண்டு வருஷம் கழித்து அவர் மஞ்சள் காமாலையில் போனார். நகத்துக்கும் காமாலைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் குடும்பமே சம்பந்தப்படுத்திவிட்டது. அத்தை திரும்பி வந்து இவர்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் சாகும்வரை இருந்தாள். ஒரு நல்ல காரியத்துக்கும் அவளை முன்னால் வர விட்டதில்லை.

"மணையில உக்காரறதுக்கு முன்னாடியே ரத்தம் காட்டினவள்னு அம்மா சொல்லுவா. அத்தை காதுபடவே சொல்லுவா. நான் சின்னப் பையன், கேட்டுண்டே வளந்தேன்" என்றான். "உன் மாலை என் கண்ணுல பட்டு ரத்தம் வந்ததுன்னு தெரிஞ்சா, நாளைக்கு எனக்கு ஒரு ஜுரம் வந்தாக்கூட உன்னைத்தான் சொல்லுவா. உன்னையும் அந்த மாதிரி ஒரு அறையில உக்கார வெச்சுடுவான்னு பயமா இருந்தது. ஒரு சொட்டு ரத்தம்தானே, நான் சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

அவனை அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. சொல்லட்டுமே! ராசியில்லாதவள் என்று அஸ்தினாபுரம் முழுக்க மைக் வைத்துச் சொல்லட்டும். நான் சம்பாதிக்கிறவள், வாய் இருக்கிறவள், பின்கட்டு அறையில் உட்காரவா பிறந்தேன்? திரும்ப நாலு கேட்டிருப்பேன். தனியாக வீடு பார்த்துக்கொண்டு போயிருப்போம். கண் இருந்திருக்கும். வண்டி ஓட்டியிருப்பான். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறானே, இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இப்படியெல்லாம் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. நான் ஏதாவது செடிகிடியில இடிச்சுண்டேன்னு சொல்லிக்கறேன்" என்றான்.

குப்பியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாக் கோடியில் அம்மா பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். காபி வாங்கி நேரமாகியிருக்க வேண்டும், உள்ளே வரவில்லை. எனக்கு அவர் மேல்தான் அத்தனை கோபமும் திரும்பியது. உங்கள் வாய்க்குப் பயந்துதான் என் புருஷன் குருடானான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடப் போனேன். குப்பியை அவர் மடியில் வைத்தேன்.

"இதுதான் உள்ள இருந்தது. நான் போட்ட மாலையில இருந்தது. பாத்துக்கோங்கோ."

அம்மா அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பச்சை நூல்" என்றார். "எனக்குத் தெரியும்டி, கொழந்தே."

"என்ன தெரியும்?"

"ஊஞ்சல்ல பாலும் பழமும் கொடுக்கக் கிட்ட போனேன் இல்லியா. மூக்கோரமா ரத்தம் வழிஞ்சிருந்தது. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி, வேர்வையைத் துடைக்கற மாதிரி தலைப்பால துடைச்சுட்டேன். அவனும் அப்படித்தான் நினைச்சுண்டான். புடவையில கறை இன்னும் இருக்கு."

 பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோமுவை நான் சொல்லாத சொல் இல்லை. பதினேழு வயசுல இந்த ஆத்துக்கு வந்தேன், எல்லாரும் சொன்னா, நானும் சொன்னேன். கடைசியில அவ படுக்கையில கிடந்தப்போ நான்தான் கஞ்சி கொடுத்தேன். 'மன்னி, அன்னிக்கு அவர் கால் படியில இடிச்சப்போ நான் உள்ளே தலை பின்னிண்டிருந்தேன்'னா. அதுதான் அவ கடைசியா பேசினது. அப்புறம் எனக்குத் தூக்கமே போயிடுத்து. இன்னொரு பொண்ணை என் வாயால அப்படிச் சொல்லப்படாது, இன்னொருத்தர் சொல்லவும் விடப்படாதுன்னு இருந்தேன். ரத்தத்தைத் துடைச்சேன், மூடிட்டேன். டாக்டர் கேக்கறச்சே எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. உன் எதிர்ல எப்படிச் சொல்லறது? அவனே இல்லைங்கறான். அவனுக்குத் தெரியாததா, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு..."

 முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.  அந்தச் சின்ன அறைகளில், டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம், இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான், ஒன்றும் தெரியாமல், தலையாட்டிக்கொண்டு.

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். சூர்யா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். ரயில்வேயில் வேறு ஏதாவது வேலை கொடுப்பார்கள், மேஜை வேலை, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். "ஜன்னல் பக்கம் சீட்டு கேக்கணும். வண்டி போற சத்தமாவது கேக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவோட பேசிண்டிருந்தியே. என்ன சொன்னா?"

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அவள் ஒரு வார்த்தைகூட என்னைச் சொல்லியிருக்க மாட்டாள், நீ பயந்தது எல்லாம் வீண், உன் கண் ஒன்றுமே இல்லாததற்காகப் போயிற்று என்று அவனிடம் சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் வாயை மூடியதால்தான் இத்தனையும் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் இடியும்படி உண்மையைக் கத்த வேண்டும் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் துடித்தவள் நான்.

"ஒண்ணும் சொல்லலை" என்றேன். "சக்கரை போதுமான்னு கேட்டா."

"தெரியாதே அவளுக்கு?"

"தெரியாது."

அவன் முகம் தெளிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக அவன் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. "அது போதும் ப்ரியா" என்று கையை நீட்டினான். நான் அதைப் பிடித்துக்கொண்டு அவனுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருந்தால் நான் அழுவது அவனுக்குத் தெரியாது.